சின்ன டீச்சரின் தலைகீழ்க் கிடார்

"தொட்டது யாருன்னு நான் கேக்கவே இல்ல அண்ணி. தொட்டுட்டு ஏன் கம்பியெல்லாம் மாத்தி மாட்டி வச்சீங்கன்னுதான் கேக்குறேன்."

"கத்தாதீங்க தம்பி. ஜன்னல் திறந்திருக்கு."

"திறந்தே இருக்கட்டும். எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரியாம இந்த வீட்ல எது நடந்திருக்கு?"

எதிர்வீட்டு அக்கா நான்தான். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். ஊசியில் நூல் கோர்க்க வெளிச்சம் வேண்டும், என் வீட்டில் வெளிச்சம் வருவது அந்த ஒரே ஜன்னலில். அதற்கு நேர் எதிரே, கையை நீட்டினால் ஒரு கிண்ணத்தை வாங்கிக்கொள்ளும் தூரத்தில், அவர்கள் வீட்டு ஜன்னல். குறை சொல்வதென்றால் கட்டிடம் கட்டியவனைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த அண்ணியின் கொழுந்தன் கத்தியதிலும் நியாயம் இருந்தது. வாரம் முழுக்க வண்டி உதிரிபாகக் கடையில் நின்று கால் கடுக்க, சனி ஞாயிறுகளில் நாலு பேராகச் சேர்ந்து மண்டபங்களில் வாசிக்கப் போகிறவன் அவன். மறுநாள் சாயங்காலம் ஒரு மண்டபத்தில் வாசிக்க வேண்டும். சோபாவுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த கிடாரை எடுத்து ஒரு தட்டுத் தட்டினால், கீழே இருக்க வேண்டிய மெல்லிய கம்பி மேலேயும் மேலே இருக்க வேண்டிய தடிக் கம்பி கீழேயும் இருக்கின்றன. தடிக் கம்பி அதற்கில்லாத சின்னப் பள்ளத்தில் உட்கார மாட்டேன் என்று துருத்திக்கொண்டு நிற்கிறது. திரும்ப மாற்றலாம் என்று முறுக்கினால், மெல்லிய கம்பி டிங்கென்று அறுந்து அவன் கன்னத்திலேயே ஒன்று வைத்தது.

"ஒரு கம்பிக்கா இவ்வளவு சத்தம்?" என்றாள் மாமியார், உள்ளே இருந்தபடியே.

"ஒரு கம்பி இல்லம்மா. ஆறு கம்பி."

"இடது கைக்காரங்க அப்படித்தான் மாத்தி மாட்டணும்னு போன்ல ஒருத்தர் சொல்லிக் கொடுத்தாரு," என்றாள் அண்ணி. "நான் திரும்ப மாட்டி வச்சிருப்பேன். நேரம் பத்தல."

"உங்களுக்கு எதுக்கு அண்ணி கிடார்?"

அண்ணி அறுந்த கம்பியைச் சுருட்டத் தொடங்கினாள். அந்த வீட்டுப் பெரியவன், அவள் வீட்டுக்காரர், டைல்ஸ் போடுகிறவர். எந்தச் சண்டையிலும் குரல் உயர்த்தாமல் தரை சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது போலவே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தான் கேட்டார்: "சொல்லேம்மா. எதுக்கு?"

"எனக்கு ஆறு வாரம்தான் இருக்கு," என்றாள் அவள். அப்புறம் அழத் தொடங்கிவிட்டாள்.

நான் மெஷினை நிறுத்திவிட்டேன். மெஷின் ஓடினால் அழுகைக்கு நடுவில் வரும் வார்த்தைகள் சரியாகக் கேட்காது.

அவளை எங்கள் கட்டிடத்தில் சின்ன டீச்சர் என்போம். இரண்டு தெரு தள்ளி இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. மூக்கு துடைப்பது, கை கழுவி விடுவது, மதியம் தூங்க வைப்பது, தூங்காதவர்களிடம் தூங்கச் சொல்லிக் கெஞ்சுவது. ஒரு வருஷம் வைத்துப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் நிரந்தரம் ஆக்குவார்கள். பத்து மாதத்துக்கு முன் வேலைக்குப் போட்ட விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்ததாம்: வாசிக்கத் தெரிந்த வாத்தியம் எது?

"காலியா விட்டா எடுக்க மாட்டாங்கன்னு பயம். நிமிர்ந்து யோசிச்சேன். சுவத்துல கிடார் மாட்டியிருந்துச்சு. கிடார்னு எழுதிட்டேன்."

"சுவத்துல கடிகாரமும்தான் மாட்டியிருக்கு," என்றாள் மாமியார்.

இத்தனை நாளும் 'என் கிடார் ரிப்பேருக்குப் போயிருக்கு' என்று ஒப்பேற்றி வந்திருக்கிறாள். பத்து மாதமாக ஒரு கிடாரை ரிப்பேர் செய்யும் கடை எதுவென்று அங்கே யாரும் கேட்காதது அவள் அதிர்ஷ்டம். இப்போது காப்பகத்தின் தலைமை, பெரிய டீச்சர் என்று அழைக்கப்படும் அம்மாள், தேதி சொல்லிவிட்டார். நிரந்தரம் ஆக வேண்டியவர்கள், ஆறாவது வெள்ளிக்கிழமை காலையில், கால் மணி நேரம் தனியாக வாத்தியம் வாசித்துப் பிள்ளைகளைப் பாட வைக்க வேண்டும். கிடார் கொண்டுவர வேண்டாம், காப்பகத்துக்கென்று புதிதாக வாங்கிய கிடார் ஒன்று அலமாரியில் இருக்கிறது. பெரிய டீச்சர் கதவோரம் உட்கார்ந்து பார்ப்பார்.

அந்த வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு அணைந்துவிடாது, டைல்ஸ்காரருக்கு நிற்க நேரமில்லாத வேலை. விஷயம் அதுவல்ல. இதற்கு முன் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் எட்டு மாதம் இருந்தாள். அங்கே மெஷின் கைப்பிடி வலது பக்கம். பிறகு பல் டாக்டரிடம் ஐந்து மாதம் கருவி எடுத்துக் கொடுக்கும் வேலை. இவள் நிற்கும் பக்கம் வேறு, டாக்டர் கை நீட்டும் பக்கம் வேறு. இரண்டு இடத்திலும் சிரித்துக்கொண்டே போய்வரச் சொன்னார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு எது தன் கை என்று இன்னும் முடிவாகவில்லை. அவர்களுக்கு நடுவில்தான் யாரும் அவள் கையைப் பார்க்கவில்லை. 'இங்க இருந்தும் அனுப்பிட்டா நான் எதுக்கும் லாயக்கில்லன்னுதானே அர்த்தம்' என்று அன்று அழுகைக்கு நடுவில் சொன்னது அவள் வீட்டுக்காரருக்குக் கேட்டதோ என்னவோ, எனக்குக் கேட்டது.

கடைசியில் டைல்ஸ்காரர் பஞ்சாயத்து பேசினார். கிடார் தம்பியுடையது, அதனால் கம்பியைத் தொடக் கூடாது. அண்ணிக்கு ஆறு வாரம் இருக்கிறது, அதனால் தம்பி கற்றுக்கொடுக்க வேண்டும்.

"இடது கையால எப்படிண்ணே கத்துக்கொடுக்குறது?"

"கம்பி அப்படியே இருக்கட்டும். கிடாரை மட்டும் திருப்பிப் பிடிச்சுக்கட்டும்."

"அப்படிப் பிடிச்சா கம்பி எல்லாம் மாறி வரும்ணே."

"வந்தா வரட்டும். நாலு மூலையும் சதுரமா இருக்கிற ரூம்லதான் டைல்ஸ் போடுவேன்னு நான் சொன்னா பொழைக்க முடியுமா?"

மறுநாள் அவளே இசைக்கருவிக் கடைக்கும் போய்வந்தாள். கடைக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, இடது கைக்காரர்களுக்கென்றே செய்த கிடார் வேண்டுமென்றால் வரவழைத்துத் தரலாம், வந்துசேர எட்டு வாரம் ஆகும் என்றாராம். "திருப்பிப் பிடிச்செல்லாம் கத்துக்காதீங்கம்மா. அப்புறம் அந்தப் பழக்கம் போகவே போகாது," என்றும் சொன்னாராம். ஏற்கெனவே பயந்து கிடந்தவளுக்கு இது வேறு.

சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை பாடம். கொழுந்தன் கடையிலிருந்து வந்து கையில் இருக்கும் கிரீஸைக் கழுவிவிட்டு உட்காருவான். அவள் எதிரே உட்காருவாள். கார்டு என்று ஒன்று, மூன்று விரலால் மூன்று கம்பியை அமுக்கிக்கொண்டு மொத்தமாக அடித்தால் வருகிற சத்தம். அப்படி மூன்று கற்றுக்கொண்டால் போதும், பிள்ளைகள் பாட்டு எல்லாமே அதற்குள் அடங்கிவிடும் என்றான். முதலில் அவன் பிடித்துக் காட்டுவான். பிறகு கிடாரை நீட்டுவான்.

"கண்ணாடி பாக்குற மாதிரி பாத்துக்கங்க அண்ணி. நான் மேல் கம்பில விரல் வச்சா நீங்களும் மேல் கம்பில வைங்க."

வைத்தாள். வந்த சத்தத்தைக் கேட்டு என் வீட்டு மேஜைக்கடியில் படுத்திருந்த பூனை எழுந்து போய்விட்டது.

இப்படியே இரண்டு வாரம் போனது. அவள் வலது கை விரல் நுனியெல்லாம் கோடு விழுந்து, பாத்திரம் தேய்க்கும்போது இஸ்ஸென்று இழுத்துக்கொள்வாள். கழுத்தில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் விரலை வைத்து அமுக்குவாள். படியேறும்போது கைப்பிடிக் கம்பியை அமுக்குவாள். ஒருநாள் ரவிக்கை அளவு கொடுக்க என்னிடம் வந்தவள், டேப்பை நான் சுற்றிக்கொண்டிருக்க, என் தோளில் மூன்று விரல் வைத்து அமுக்கிக்கொண்டே நின்றாள்.

"என்னம்மா பண்ற?"

"ஐயோ, மன்னிச்சிடுங்கக்கா."

விரல் ஒவ்வொன்றும் போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது. சத்தம் மட்டும் கண்ணாடிச் சில்லை மிதித்தது போலவே வந்தது. கொழுந்தன், "அண்ணி, உங்களுக்குக் காது இல்லையோன்னு தோணுது," என்றே சொல்லிவிட்டான்.

"அவளுக்குக் காது நல்லாத்தான் இருக்கு. நான் அடுப்படியில முணுமுணுக்குறது வாசல்வரைக்கும் கேக்குது அவளுக்கு," என்றாள் மாமியார். மருமகளுக்குப் பரிந்து பேசினாளா என்பது அவளுக்கே தெரிந்திருக்காது.

இதில் வேறு எந்த வீட்டிலும் நடக்காத ஒரு தவறு நடந்துகொண்டிருந்தது. கொழுந்தன் ஆறு வருஷமாக வாசிக்கிறான், ஆறு வருஷத்தில் ஒருநாள்கூடத் தன் விரல் எந்தக் கம்பியில் இருக்கிறது என்று குனிந்து பார்த்தவனில்லை. வேறு யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால், இரண்டாம் நாளே கற்றுக்கொள்பவள் விரலைப் பிடித்து இந்தக் கம்பியில் வை என்று வைத்திருப்பார்கள். அண்ணி விரலைக் கொழுந்தன் எப்படிப் பிடிப்பான்? ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, 'மேல', 'கீழ', 'இன்னும் கொஞ்சம் மேல' என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் மரியாதையாக மேலே என்றால் மேலே வைத்தாள். அவனுக்கு மேலே இருந்தது தடிக் கம்பி. கிடாரைத் திருப்பிப் பிடித்த அவளுக்கு மேலே வந்தது மெல்லிய கம்பி. இரண்டு வாரம், தினம் ஒரு மணி நேரம், மிகச் சரியாகத் தவறு செய்துகொண்டிருந்தாள்.

அது வெளியே வந்ததும் யாருடைய புத்திசாலித்தனத்தாலும் இல்லை. ஒருநாள் கம்பியின் அடியைப் பிடித்திருக்கும் சின்ன ஆணி ஒன்று கழன்றுவிட, கிடாரைச் சாப்பாட்டு மேஜையில் மல்லாக்கப் போட்டுக் கொழுந்தன் அதைத் திரும்பச் செருகினான். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, போட்ட வாக்கிலேயே ஒரு கார்டு அமுக்கி அடித்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற அவள், "இருங்க தம்பி, கைய எடுங்க," என்றாள். அவன் விரல் பதிந்திருந்த அதே இடங்களில் தன் பக்கத்திலிருந்து தன் வலது கை விரல்களை வைத்து, இடது கையால் அடித்தாள்.

அதே சத்தம் வந்தது.

மூன்று பேரும் கிடாரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"ஏன்டா, அப்ப ரெண்டு வாரமா நீதான் தப்பாச் சொல்லிக் கொடுத்தியா?" என்றாள் மாமியார்.

அதிலிருந்து பாடம் மேஜையில் நடந்தது. நடுவில் கிடார், அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். விரல் வைக்க வேண்டிய இடங்களில் கம்பிக்கு அடியில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று வட்ட ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தான். மேஜையில் விரல் பழகியதும் கிடாரை மடியில் தூக்கித் திருப்பிப் பிடிக்கச் சொன்னான். முதல் முறை முழுசாக ஒரு பாட்டு வந்த அன்று, டைல்ஸ்காரர் வேலை உடுப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கோணல் இல்லாத சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஆனால் பயம் எங்கே போயிற்று? ஒன்று போனால் இன்னொன்று. கம்பி தலைகீழாக இருப்பதால் மேலிருந்து கீழே அடித்தால் மெல்லிய சத்தம் முதலில் வந்து தடிச் சத்தம் கடைசியில் வருகிறது. அது யாருக்காவது தெரிந்துவிடுமோ? கீழிருந்து மேலே இழுத்து அடிக்கப் பழகினாள். நாலாவது வாரம் கொழுந்தனின் கூட்டாளிகள் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு 'என்னடா, எல்கேஜி சேந்துட்டியா' என்று மண்டபத்திலேயே கிண்டலடிக்க, அவன் வந்த வேகத்தில் எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிட்டான். அன்று மறுபடி அழுகை. மறுநாள் பார்த்தால் ஸ்டிக்கர் இல்லாமலே விரல் போகிறது. அதையும் நம்பாமல் ஒரு கார்டுக்கு நூறு தடவை எண்ணினாள். காப்பகத்து அலமாரிக் கிடாரை, பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் எடுத்துத் திருப்பிப் பிடித்துச் சத்தம் வராமல் விரல் வைத்தும் பார்த்துவிட்டாள். அதுவும் வலது கைக் கிடார்தான், அளவில் கொஞ்சம் சின்னது. பாதி உயிர் வந்தது அவளுக்கு.

மீதிப் பாதியை எடுத்தது நான்.

காப்பகத்தில் துண்டு, படுக்கை விரிப்பெல்லாம் துவைத்து மடிக்கிற பொண்ணு ஒருத்தி. பிள்ளைகளின் ஏப்ரன்களுக்கு நாடா தைக்க என்னிடம் வருவாள். கடைசி வாரம் திங்கட்கிழமை வந்தபோது நாடா வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்குமா? "உங்க சின்ன டீச்சர் பாவம்டி. இடது கைக்காரி. அதுக்கேத்த கிடார் இல்லாம என்ன பாடு படுறா தெரியுமா," என்றேன். அவ்வளவுதான். விண்ணப்பத்தில் எழுதிய பொய்யைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு.

அவள் போய்ப் பெரிய டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். நல்ல எண்ணத்தில்தான். பெரிய டீச்சரும் நல்லவர். அதுதான் பிரச்சினையே.

வெள்ளிக்கிழமை காலை நடந்ததைத் துணி மடிக்கிற பொண்ணு எனக்குச் சொன்னாள். துண்டு அடுக்குகிற சாக்கில் கதவுக்கு வெளியே முழு நேரமும் நின்றிருக்கிறாள். பாயில் இருபத்திரண்டு பிள்ளைகள். ஜன்னல் ஓரம் காய வைத்த பசை ஓவியங்கள். முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன நாற்காலி, அதில் சின்ன டீச்சர். அலமாரிப் பக்கம் எழுந்து போகப் பார்த்தவளைப் பெரிய டீச்சர் கை காட்டி உட்கார வைத்தார். கதவோரத்திலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கி வந்து திறந்தார்.

"இடது கைன்னு ஏம்மா நீ என்கிட்ட சொல்லவே இல்ல? எங்க அக்கா மாப்பிள்ளையும் இடது கைதான். கேட்டு வாங்கிட்டு வந்தேன். இனிமே கஷ்டப்பட வேண்டாம்."

உள்ளே இருந்தது பளபளவென்று ஒரு கிடார். இடது கைக்காரர்களுக்கென்றே முறைப்படி செய்தது. தடிக் கம்பி மேலே, மெல்லிய கம்பி கீழே. உலகத்தில் எந்த இடது கைக்காரருக்குக் கொடுத்தாலும் சந்தோஷப்படுவார்கள், இவள் ஒருத்தியைத் தவிர.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். முதல் கார்டு வைத்தாள், அடித்தாள். பழைய கண்ணாடிச் சில்லு. முன் வரிசைப் பிள்ளை ஒன்று, "டீச்சர், அது உடைஞ்சிருச்சா?" என்று கேட்டது.

சுருதி சேர்ப்பதுபோல முறுக்காணிகளைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை அடித்தாள். விரலை மேலே கீழே மாற்றி யோசித்து வைக்கப் பார்த்தாள், நாலு வாரமாகத் தலைகீழாகப் பழகிய விரல் கேட்கவில்லை. பிள்ளைகள் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய டீச்சர், "பழைய கம்பி போல இருக்கு, இல்ல?" என்று தானே ஒரு சாக்கை எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. கம்பி மாற்றி அடுத்த வாரம் வாசிக்கிறேன் என்று ஒரு வாரம் வாங்கியிருக்கலாம். சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்து எழுதியவளுக்கு இது பெரிய விஷயமா?

"இல்ல டீச்சர்," என்றாள். "கம்பி நல்லாத்தான் இருக்கு. எனக்கு இதை வாசிக்கத் தெரியாது."

"இது இடது கைக் கிடார்தானே?"

"ஆமா. நான் கத்துக்கிட்டது வலது கைக் கிடாரைத் தலைகீழாப் பிடிச்சு."

"ஏம்மா அப்படி?"

"அது என் கிடார் இல்ல. கொழுந்தனோடது. கம்பியை மாத்தக் கூடாதுன்னுட்டாங்க."

"எத்தனை வருஷமா இப்படி வாசிக்கிற?"

துணி மடிக்கிற பொண்ணு கையில் துண்டோடு அப்படியே நின்றுவிட்டாளாம்.

"ஆறு வாரமா," என்றாள் சின்ன டீச்சர்.

பெரிய டீச்சர் அலமாரியைத் திறந்து காப்பகத்துக் கிடாரை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கதவோரம் போய் உட்கார்ந்தார். "பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க," என்றார்.

திருப்பிப் பிடித்தாள். வாசித்தாள். இரண்டு இடத்தில் கார்டு மாறிப் போனது, பிள்ளைகள் போட்ட சத்தத்தில் அது அவளுக்கும் பெரிய டீச்சருக்கும் மட்டும்தான் தெரிந்திருக்கும். கால் மணிக்கு நாலு பாட்டு. மணி அடித்ததும் அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள்.

அங்கே நடந்ததை அவளே அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"வாசிச்சதுல குறை இல்லைன்னு சொன்னாங்க. விண்ணப்பத்தை எடுத்து மேஜைல வச்சாங்க. 'இங்க எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்காதுன்னு ஒரு தாள் இருக்கு. எத்தனை மணிக்கு எந்த மருந்துன்னு ஒரு தாள் இருக்கு. யார் வந்து கூட்டிட்டுப் போகலாம்னு ஒரு தாள் இருக்கு. அதையெல்லாம் நீதான் எழுதற. அதுலயும் காலியா விடக் கூடாதுன்னு எதையாவது எழுதிடுவியா'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?" என்றார் டைல்ஸ்காரர்.

"எழுத மாட்டேன்னேன். நம்பறதுக்கு என்ன இருக்குன்னு கேட்டாங்க. பத்து நாள்ல சொல்றாங்களாம்," என்றாள்.

"யாரு அவங்ககிட்ட போய் இடது கைன்னு சொன்னது?" என்றான் கொழுந்தன்.

நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். அந்தப் பத்து நாளும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தைத்தேன். இரண்டு ரவிக்கைக்குக் கையை மாற்றி வைத்துப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. படியில் அவளைப் பார்த்தால் முந்தானையைச் சரிசெய்வதுபோலத் தலையைக் குனிந்துகொள்வேன். அவளோ, பாவம், "என்னக்கா, உடம்பு சரியில்லையா? ஜன்னலே திறக்கலியே," என்று என்னை விசாரித்தாள். அவள் கழுத்துத் தடிப்பு தாடை வரைக்கும் ஏறியிருந்தது. தினமும் வேலைக்குப் போனாள். போகும்போது, இன்றைக்குத்தான் கடைசி என்பதுபோல மாமியாரிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிக்கொண்டு போனாள்.

ஐந்தாம் நாள் துணி மடிக்கிற பொண்ணு நேரே அவர்கள் வீட்டு வாசலிலேயே போய் நின்றாள். "நான்தான் சொன்னேன். நல்லது பண்றேன்னு நினைச்சுப் பண்ணிட்டேன்," என்று கண்ணைக் கசக்கினாள். யார் சொல்லி அவளுக்குத் தெரியும் என்று கேட்டார்களா, இவள் என் பெயரைச் சொன்னாளா என்று தெரியவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. கதவைத் திறந்தது கொழுந்தன் என்பதும், திட்ட வாயெடுத்தவன் தண்ணீர் கொண்டுவரப் போனான் என்பதும் மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. நிரந்தரம் இல்லை. வேலையை விட்டும் எடுக்கவில்லை. இன்னும் ஒரு வருஷம், முதல் நாளிலிருந்து தொடங்குகிற மாதிரி. தினமும் காலையில் எல்லாத் தாளையும் அவள் எழுதி, பெரிய டீச்சர் முன்னால் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும். புது விண்ணப்பமும் எழுதச் சொன்னார்கள். வாத்தியம் என்ற இடத்தில் 'கிடார், மூன்று கார்டு, தலைகீழாக' என்று எழுதினாளாம்.

"இதுக்கு அனுப்பியே விட்டிருக்கலாம். ஒரு வருஷமா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி படிச்சுக் காட்டணுமாக்கும்," என்றாள் மாமியார்.

"படிச்சுக் காட்டிட்டுப் போறேன் அத்தை," என்றாள் அவள். அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் தட்டு நிறையச் சாப்பிட்டாள்.

அந்த ஒரு வருஷமும் படித்துக் காட்டினாள். ஜுரம் வந்த நாளிலும் போய்ப் படித்தாள். அடுத்த வருஷம் நிரந்தரம் ஆனது. அதற்கு யாரும் வாசித்துக் காட்டச் சொல்லவில்லை.

கொழுந்தன் துணி மடிக்கிற பொண்ணையே கட்டிக்கொண்டான். மாமியார் இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் அவள் விரிப்பு மடிக்கிற அழகைப் பார்த்துச் சமாதானம் ஆனாள். அவர்கள் கிடாரையும் எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டார்கள், உதிரிபாகக் கடையின் புதுக் கிளை அங்கேதான். டைல்ஸ்காரரும் சின்ன டீச்சரும் காப்பகத்துக்குப் பக்கத்துத் தெருவில் கீழ்த்தளமாக ஒரு வீடு பார்த்துக்கொண்டார்கள், தரையெல்லாம் அவரே போட்டதாம். போகிற அன்று எனக்கு ஒரு டப்பா நூல்கண்டு கொடுத்துவிட்டுப் போனாள். அவளுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. மாமியார் எட்டு மாதம் பெரியவன் வீடு, நாலு மாதம் சின்னவன் வீடு.

எதிர் வீட்டுக்கு இப்போது கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற ஒருவர் தனியாகக் குடி வந்திருக்கிறார். வந்த முதல் நாளே ஜன்னலுக்குத் தடிமனாகத் திரை போட்டுவிட்டார்.